நீர் மீனைத் தள்ளுவதில்லை

தம் மக்கள் சொந்தக் காலில் நிற்க வேண்டும் என்று விரும்பாத பெற்றோர் இலர். ஆயினும் அவ்விருப்பத்துக்கு நேர்மாறாகவே நாள்தோறும் நடந்துகொள்கிறோம் என்பதையும் மறுக்க இயலாது. ஏழு வயதுப் பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிறோம். பத்து வயதுப் பெண்ணின் புத்தகப் பையை நாம் சுமக்கிறோம். பதினேழு வயது மகனுக்கு எந்தக் கல்லூரி, எந்தப் பாடம் என்பதை நாமே முடிவு செய்து, கலந்தாய்வில் அவன் பெயரால் விருப்பப் பட்டியலையும் நாமே நிரப்புகிறோம். பின்னர் அவனுக்கு இருபத்தைந்து வயதாகும்போது, “இவனுக்கு ஒன்றும் தெரியவில்லையே” என்று வருந்துகிறோம். பிள்ளையால் செய்யக்கூடியதைப் பிள்ளைக்காக நாம் செய்வது அன்பா, அன்றி வேறொன்றா? இல்லறத்தார் எண்ணிப் பார்க்க வேண்டிய அறவினா இது.

பள்ளியிலும் பின்னர் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியிலும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றிய நமக்கு, இவ்வினா நூல்களிலிருந்து வந்ததன்று, விடுதியிலிருந்து வந்தது. பயிற்சிக்குச் சேரும் மாணவியர் பதினெட்டு வயதினர். முதல் வாரத்தில் அவர்களுள் சிலர், தலைவாரிப் பின்னிக்கொள்ளத் தெரியாமல் அடுத்த அறைக் கதவைத் தட்டுவர். அதுவரை அன்னையரே பின்னிவிட்டிருக்கின்றனர். இரண்டு ஆண்டுகளில் நாற்பது குழந்தைகள் கொண்ட ஒரு வகுப்பை ஏற்க வேண்டியவர்கள் இவர்கள்! அறிவில் குறைந்தவர் எவரும் அவர்களுள் இலர். தேவை ஏற்படாததால் கை பழகவில்லை, அவ்வளவே. தீபாவளி விடுமுறைக்குள் அனைவரும் கற்றுக்கொண்டுவிடுவர். ஓராண்டு, விடுமுறை முடிந்து திரும்பிய ஒரு பெண், “அம்மா அழுதுவிட்டார்கள், டீச்சர்” என்றாள். தானே பின்னிக்கொண்டு வந்து நின்ற மகளைக் கண்டு வந்த அழுகை அது. மகிழ்ச்சியாலா என்று கேட்டோம். சற்று யோசித்து, “இல்லை” என்றாள்.

அத்தாயைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. பதினெட்டு ஆண்டுகள் ஒவ்வொரு காலையும் தன் மடியருகே உட்கார்ந்த மகள், இனி அவ்வாறு உட்காரப் போவதில்லை. ஆயினும் அந்த ஒரு சொல்லில் நம் வினாவின் முடிச்சு அவிழக் கண்டோம். நாம் பிள்ளைக்குச் செய்யும் உதவிகளுள் ஒரு பகுதி பிள்ளைக்குத் தேவையானது. மற்றொரு பகுதி நமக்குத் தேவையானது. முதலாவது குறையக் குறைய இரண்டாவது அதன் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

அவ்வாறாயின் பெற்றோரின் இடம் யாது? நம் ஆகமங்கள் கூறும் ஆறு திரவியங்களுள் தர்மம், அதர்மம் என இரண்டு உண்டு. இவை ஈண்டு அறம், மறம் என்னும் பொருளில் வருவன அல்ல என்பதைப் பாடம் சொல்வோர் முதலிலேயே விளக்கிவிடுவர். இயங்கும் பொருளின் இயக்கத்துக்குத் துணையாவது தர்மத் திரவியம்; நிற்கும் பொருளின் நிலைக்குத் துணையாவது அதர்மத் திரவியம். நேமிசந்திரர் தமது திரவிய சங்கிரகத்தில் இவற்றை விளக்க மீனுக்கு நீரையும் வழிப்போக்கனுக்கு நிழலையும் உவமை கூறுகிறார். சிறுவயதில் இதைக் கேட்டபோது உலக அமைப்பைப் பற்றிய செய்தியாக மட்டுமே கொண்டோம். ஆசிரியத் தொழிலில் பல்லாண்டு உழன்ற பின்னரே, பிள்ளை வளர்ப்போருக்கும் இதில் இடம் இருப்பது தெரிந்தது. நீர் மீனைத் தள்ளுவதில்லை. நீந்தாத மீனை நீந்த வைப்பதும் இல்லை. ஆனால் நீர் வற்றினால் மீனுக்கு இயக்கமே இல்லை. நிழலும் அவ்வாறே. வழிப்போக்கனின் கையைப் பற்றி இழுத்து உட்கார வைப்பதில்லை. இளைப்பாறி எழுந்து செல்பவனைத் தடுப்பதுமில்லை. நாளை வேறொருவன் வந்தால் அவனுக்கும் அங்கே இடமுண்டு.

மேடைகளில் ‘குழந்தை பச்சை மண், பெற்றோர் குயவர்’ என்று பேசக் கேட்கிறோம். இவ்வுவமை நமக்கு உடன்பாடன்று. மண்ணுக்கு விருப்பமில்லை, குடமாவதும் சட்டியாவதும் அதற்கு ஒன்றே. குழந்தையோ அறிவும் காட்சியும் இயல்பாக உடைய ஓர் உயிர். தன் வினைக்குத் தானே கர்த்தாவாகவும், அதன் பயனுக்குத் தானே போக்தாவாகவும் உள்ள உயிர். நாம் அதற்கு நிமித்த காரணமே. உபாதான காரணம் அதனுள்ளேயே இருக்கிறது. இதை நாள்தோறும் ஓதிக்கொண்டே, சோற்றுத் தட்டின் முன்னும் கல்லூரி விண்ணப்பத்தின் முன்னும் மறந்துவிடுகிறோம்.

வடக்கே நம் மக்கள் செறிந்து வாழும் ஊர்களில் பிறந்து, பணியின் பொருட்டுத் தெற்கே வந்து, இன்று மார்த்தாண்டத்தில் வாழ்கிறோம். இவ்வூரைச் சுற்றிலும் இவ்வினாவுக்கு இரண்டு சான்றுகள் உள்ளன. ஒன்று நம்மவருக்கு நெருக்கமானது. ஊரிலிருந்து ஏழெட்டு கிலோமீட்டர் தொலைவில் உள்ள சிதறால் மலைக்குத் தலப்பயணம் வந்த வாசகர் பலர் இருப்பர். திருச்சாரணத்து மலை என்பது அதன் பழம்பெயர். 9, 10ஆம் நூற்றாண்டுகளில் இப்பகுதியை ஆண்ட ஆய் வேந்தன் விக்கிரமாதித்த வரகுணனின் 28ஆம் ஆட்சியாண்டில் பொறிக்கப்பட்ட கல்வெட்டு ஒன்று அங்கே உள்ளது. அரிட்டநேமி படாரர் என்பவரின் மாணாக்கியான குணந்தாங்கிக் குரத்திகள், அம்மலைப் படாரியார்க்குப் பொன்னணி அளித்ததை அது கூறுகிறது. குரத்தி என்பது குரு என்பதன் பெண்பால். அதாவது, பெண்ணாசிரியர். வட ஆர்க்காட்டுப் பகுதியில் விளாப்பாக்கத்திலும் இத்தகைய ஒருவரைக் காண்கிறோம். முதற் பராந்தகனின் 38ஆம் ஆட்சியாண்டில், ஏறத்தாழ கி.பி. 945இல், பட்டினிக்குரத்தி அடிகள் என்னும் மாணாக்கி அங்கே கிணறு தோண்டுவித்தார்.

இவ்விருவரும் தம்மை ஆசிரியரின் பெயரைச் சொல்லியே அறிமுகம் செய்துகொள்கின்றனர். ஆயின் கொடை அவர்களுடையது, பெயரும் அவர்களுடையது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண், ஆசிரியரின் பின்னே மறைந்து நில்லாமல், தன் பெயரிலேயே கல்லில் நிற்கிறாள். அவளுடைய ஆசிரியரின் பெயர் அங்கே நமக்குக் கிடைப்பதும் அவளாலேயே. மாணாக்கரைத் தம்மிடமே வைத்துக்கொண்டவரின் பெயரை எந்தப் பாறையும் சொல்வதாகத் தெரியவில்லை.

மற்றொரு சான்று ஊருக்குள்ளேயே இருக்கிறது. மார்த்தாண்டம் திருவிதாங்கூர் அரசின்கீழ் இருந்த 1920களில் ஒய்.எம்.சி.ஏ. இயக்கம் இங்கே ஒரு கிராமப் புனரமைப்பு மையத்தைத் தொடங்கியது. ஸ்பென்சர் ஹாட்ச் என்னும் அமெரிக்கர் அதை நடத்தினார். தம் அனுபவங்களை 1932இல் நூலாகவும் வெளியிட்டார். கோழி வளர்ப்பு, நெசவு, தேனீ வளர்ப்பு எனப் பல தொழில்கள் அம்மையத்தில் கற்பிக்கப்பட்டன. மார்த்தாண்டம் என்றவுடன் தேனை நினைப்பவரே இன்றும் பலர். தேன் நம் இல்லங்களில் விலக்கப்பட்ட பொருள்; அதைப் பற்றிச் சமண இதழில் எழுதுவதா என்று எவரும் முகம் சுளிக்க வேண்டா. நாம் எடுத்துக்கொள்வது தேனையன்று, கற்பித்த முறையை. (கூட்டைப் பிழிந்து புழுவோடு சேர்த்துத் தேனெடுத்த பழைய வழக்கத்துக்கு மாறாக, அடையைச் சட்டத்தோடு எடுத்துத் திரும்பவும் வைக்கும் பெட்டிகளை அம்மையத்தார் பரப்பினர். உயிர்ச்சேதம் குறைந்தது என்ற அளவில் அதையும் சொல்லலாம்.)

அம்மையத்தின் கொள்கை மிக எளியது. செய்வது கிராமத்தாரின் கையாகவே இருக்க வேண்டும். அறிந்தவர் பக்கத்தில் இருந்து நெருங்கிய ஆலோசனை தர வேண்டும். ஏழைக்கு எட்டாத செலவில் எதையும் காட்டலாகாது. பெட்டியையும் கோழியையும் இலவசமாக வழங்கிவிட்டுப் புகைப்படம் எடுத்துக்கொள்வது எளிது. ஒருவன் நடுங்கும் கையோடு பெட்டியின் மூடியைத் திறக்கும்போது, அருகில் நின்று, தன் கையை நீட்டாமல் பொறுத்திருப்பதே அரிது. இதன் பயன் பின்னாளில் தெரிந்தது. 1990களின் தொடக்கத்தில் இந்தியத் தேனீயைத் தாக்கிய நச்சுயிரி நோயால் தென்னிந்தியாவில் மிகப் பெரும்பாலான தேனீக் கூட்டங்கள் அழிந்தன. பெட்டிகள் வெறுமையாயின. ஆயினும் சில ஆண்டுகளில் இப்பகுதியில் தொழில் மீண்டும் எழுந்தது. கொடுக்கப்பட்ட பொருள் மட்டுமே இருந்திருந்தால் அதோடு முடிந்திருக்கும். கையறிவு இருந்ததால் முடியவில்லை.

பயிற்சிப் பள்ளியில் மரியா மாண்டிசோரி அம்மையாரைப் பற்றிப் பாடம் நடத்தும்போதெல்லாம் மாணவியர் வியந்த செய்தி ஒன்றுண்டு. 1939இல் பிரம்மஞான சபையின் அழைப்பின்பேரில் சென்னை அடையாறுக்கு வந்த அவர், உலகப் போர் மூண்டதால் இந்நாட்டிலேயே பல ஆண்டுகள் தங்க நேர்ந்தது. அவ்விடைக்காலத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்க்குப் பயிற்சி அளித்தார். அவருடைய முறையில் மூன்று வயதுக் குழந்தைக்குக் கொடுக்கப்படும் நீர்க்குவளை உண்மையான கண்ணாடி அல்லது பீங்கானால் ஆனது. “உடைந்துவிடாதா?” என்று மாணவியர் கேட்பர். உடையக்கூடியது என்பதாலேயே அது கொடுக்கப்படுகிறது. உடையாத பொருளை எவரும் கவனத்தோடு தூக்குவதில்லை. நம் வீடுகளில் எவர்சில்வர் குவளை. விழுந்தால் ஓசை மட்டுமே எழும். ஆனாலும் நம்மிடம் அதைவிடச் சிறந்த பயிற்சி இருக்கிறது. நீரை வடிகட்டும் துணியை ஐந்து வயதுக் குழந்தையின் கையில் கொடுத்துப் பாருங்கள். மெல்ல ஊற்ற வேண்டும், சிந்தக் கூடாது, வடிகட்டிய துணியிலுள்ள உயிர்களை அந்நீரின் பிறப்பிடத்துக்கே திரும்பச் சேர்க்க வேண்டும். கையின் கவனமும் மனத்தின் கருணையும் ஒருசேரப் பழகும் வேலை அது. பெரும்பாலான வீடுகளில் அதைப் பாட்டியே செய்துவிடுகிறார். குழாயில் வடிகட்டி பொருத்தியுள்ள வீடுகளில் அவரும் செய்வதில்லை.

இங்கே நம் சமூகத்தார் அடிக்கடி கூறும் ஒரு குறையைச் சற்று விரிவாக நோக்க வேண்டும். “வீட்டில் இருந்தவரை பொழுது சாய்வதற்குள் உண்டான், கிழங்கு தொடமாட்டான். வெளியூர் போய் ஆறு மாதத்தில் எல்லாம் போயிற்று” என்பது அக்குறை. பிள்ளையையும் நகரத்தையும் காலத்தையும் மாறி மாறிப் பழிக்கிறோம். நாம் கேட்பது வேறு. பொழுது சாய்வதற்குள் உண்டவன் அவனா? மணி ஐந்தானதும் உலை வைத்தவர் அன்னை, அழைத்தவர் அன்னை, தட்டைக் கொணர்ந்து வைத்தவரும் அன்னை. அவன் வாயைத் திறந்தான், அவ்வளவே. இரவுண்ணாமை என்னும் விரதம் அவ்வீட்டில் அன்னையுடையதாக இருந்ததேயன்றி அவனுடையதாக ஒருநாளும் இருக்கவில்லை. தன்னுடையதாக இல்லாத ஒன்றை அவன் எங்ஙனம் எடுத்துச் செல்வான்?

விரதம் என்பது ஒருவர் பொருட்டு மற்றொருவர் ஏற்க இயலாத ஒன்று. பத்து வயதில், “இன்று நீ எப்போது உண்ணப்போகிறாய்? பள்ளியில் விளையாட்டு விழா, திரும்ப இருட்டிவிடும். என்ன செய்யலாம் என்று நீயே சொல்” என்று கேட்கப்பட்ட குழந்தை, ஒருநாள் தவறும், ஒருநாள் பசியோடு படுக்கும், ஒருநாள் மாலைச் சிற்றுண்டியைத் தானே பையில் எடுத்து வைத்துக்கொள்ளும். அந்த மூன்றாம் நாளில்தான் விரதம் தொடங்குகிறது. பெங்களூரில் மென்பொருள் பணியில் உள்ள நம் இளைஞர் ஒருவர், அலுவலகத்தில் மாலை ஐந்தரை மணிக்கு உண்டுவிடுவதை ஐந்தாண்டுகளாகக் கடைப்பிடிக்கிறார். வீட்டில் எவ்வாறு வளர்த்தார்கள் என்று கேட்டோம். “அப்பா ஒரு தடவை சொன்னார், காரணத்தையும் சொன்னார். பிறகு கேட்கவே இல்லை” என்றார். கேட்காமல் இருந்த தந்தைக்கு எத்தனை மாலைகள் நெஞ்சு துடித்திருக்கும் என்பதை நாம் ஊகிக்கலாம்.

இனி, இதன் அடியில் இருக்கும் பற்றைப் பேசியாக வேண்டும். இல்லறத்தார்க்குரிய ஐந்து அணுவிரதங்களுள் இறுதியானது பொருள் வரைதல். நிலம், வீடு, வெள்ளி, பொன், கால்நடை, தானியம், ஏவலாளர், ஆடை, பாத்திரம் என எவற்றுக்கெல்லாம் எல்லை வகுத்துக்கொள்ள வேண்டும் என்று நூல்கள் வரிசைப்படுத்துகின்றன. அவ்வரிசையில் மக்கட்செல்வம் இடம்பெறவில்லை. பெற்ற பிள்ளை உடைமையன்று என்பதே அதற்குக் காரணமாக இருக்கலாம் என்று நாம் கருதுகிறோம். எனினும், பொருளைவிட அதன்மேல் கொள்ளும் மூர்ச்சையையே பரிக்கிரகமாகத் தத்துவார்த்த சூத்திரம் எண்ணுகிறது. அந்த அளவுகோலை வைத்தால், பத்து ஏக்கர் நிலத்தைவிட ஒரே மகன் பெரிய பரிக்கிரகமாகிவிடக்கூடும். நிலத்தை விற்றுத் தானம் செய்தவரும், “என் பையன் என்னைக் கேட்காமல் ஒன்றும் செய்யமாட்டான்” என்று பெருமையோடு சொல்லக் கேட்டிருக்கிறோம். அது பெருமைக்குரியதா என்பதை அப்பையனின் மனைவியிடம் கேட்டால் தெரியும்.

இவ்வளவும் சொன்னதால், பிள்ளைகளைத் தம் போக்கில் விட்டுவிடலாம் என்று பொருள் கொள்ளலாகாது. மார்த்தாண்டத்தைச் சுற்றிலும் ரப்பர் தோட்டங்கள் மிகுதி. விடியுமுன் பால் வெட்டச் செல்லும் தாய் தந்தையரின் பிள்ளைகள் நம் வகுப்புகளில் பயின்றனர். ஒன்பது வயதுப் பெண், தம்பியைக் குளிப்பாட்டி, கஞ்சி காய்ச்சிக் கொடுத்து, பள்ளிக்கும் அழைத்து வருவாள். “எவ்வளவு பொறுப்பு!” என்று ஆசிரியர் சிலர் புகழ்வர். வகுப்பில் அவள் தூங்கி விழுவாள். அது தற்சார்பன்று, வறுமை அவள் தோளில் ஏற்றிய சுமை. நீரில்லாக் குளத்து மீனைக் காட்டி, “பார், தானே துள்ளுகிறது” என்பது போன்றதே அப்புகழ்ச்சி. வசதியுள்ள வீடுகளிலும் நீர் வற்றுவதுண்டு. கையில் ஒரு கைப்பேசியைக் கொடுத்துவிட்டு, அறைக் கதவை மூடிவிட்டு, அதற்குச் சுதந்திரம் என்று பெயர் சூட்டுகிறோம்.

பெண் மக்கள் வகையில் தனியே ஒரு சொல். சமையலும் வீட்டு வேலையும் பெண்ணுக்குக் கற்பிக்கிறோம். பணத்தைக் கையாளக் கற்பிப்பதில்லை. ஆணுக்குப் பணத்தைக் கொடுக்கிறோம். சோறு வடிக்கக் கற்பிப்பதில்லை. இருவரையும் பாதி பாதியாக வளர்த்துத் திருமணத்தில் ஒட்டவைத்து முழுமையாக்கிவிடலாம் என்பது நம் எண்ணம் போலும். பத்து வயது நிறைந்த சிறார் தம் சேமிப்புக் கணக்கைத் தாமே இயக்க வங்கிகள் இடமளிக்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2014இலேயே அறிவித்துவிட்டது. நம் வீடுகளில் முப்பது வயதுப் பெண்ணும் கணவனைக் கேட்டே காசோலையில் கையெழுத்திடுகிறாள்.

எல்லாவற்றுக்கும் பின்னால் ஓர் அச்சம் நிற்கிறது. தானே நிற்கக் கற்றவன் போய்விடுவான் என்னும் அச்சம். இதைப் பொய்யென்று சொல்லி வாசகரை ஆற்றுப்படுத்த நாம் விரும்பவில்லை. போய்விடவும் கூடும். இம்மாவட்டத்தில் தெருவுக்குத் தெரு பெரிய வீடுகள். உள்ளே முதியவர் இருவர், அல்லது ஒருவர். பிள்ளைகள் வளைகுடாவிலோ பெங்களூரிலோ இருக்கின்றனர். ஆனால் மறுபக்கத்தையும் பாருங்கள். சார்ந்தே வளர்ந்த பிள்ளை அருகிலேயே இருப்பான், உண்மை. யார் யாரைத் தாங்குவது? நாற்பது வயது மகனின் மின்கட்டணத்தைக் கட்ட எழுபது வயதுத் தாய் வரிசையில் நிற்பதையும் இதே தெருக்களில் கண்டிருக்கிறோம். மூப்பில் தாங்கும் வலிமை, தானே நின்று பழகிய காலுக்கே உண்டு. அந்தக் கால் நம்மிடம் திரும்பி வருமா என்பது அதன் விருப்பம். வரச்செய்வதற்கு ஒரு வழியும் இல்லை. வருவதற்குத் தக்க இடமாக நம் வீட்டை வைத்திருப்பது மட்டுமே நம் கையில் உள்ளது.

வர்த்தமானர் முப்பதாம் வயதில் இல்லம் துறந்தார். அந்நாளை நாம் துக்கநாளாகக் கொள்ளவில்லை; பஞ்ச கல்யாணங்களுள் ஒன்றாக வைத்து, பல்லக்கு அலங்கரித்து, விழா எடுக்கிறோம். அன்று ஒரு தாயின் வீடு வெறிச்சோடியது என்பதும் உண்மையே. இரண்டும் ஒரே நாளில் நிகழ்ந்தவை. நம் பிள்ளைகள் துறவுக்குச் செல்பவர் அல்லர். வேலைக்கும் மேற்படிப்புக்கும் செல்பவர். திருநாள்களில் வருவர்; நாள்தோறும் தொலைபேசியில் அழைப்பர். ஆயினும் வாசலில் நின்று வழியனுப்பும்போது நம்முள் பலர், பெட்டியில் ஊறுகாயை வைப்பதோடு நிற்காமல், எட்டு மணிக்கு என்ன செய்ய வேண்டும், ஒன்பது மணிக்கு யாரை அழைக்க வேண்டும் என்று ஒரு பட்டியலையும் எழுதி வைக்கிறோம்.

இக்கட்டுரையைப் படிக்கும் இல்லங்கள் சிலவற்றில் இவ்விதழின் சந்தா முடியும் தறுவாயில் இருக்கலாம். அதைச் செலுத்தும் வேலையை இம்முறை வீட்டிலுள்ள பன்னிரண்டு வயதுப் பேத்தியிடமோ பேரனிடமோ கொடுத்துப் பாருங்கள். தொகையையும் முகவரியையும் சந்தா எண்ணையும் அவர்களே எழுதட்டும். தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்க்க வேண்டா. எழுதியதில் பிழை நேர்ந்து அடுத்த இதழ் ஒரு மாதம் தாமதமாக வந்தால், இதழ் அலுவலகத்தார் பொறுத்துக்கொள்வர்.